பழைய எக்ஸ்எல் திக்குகிறது, சூடேறினால் இரைச்சல் இறங்கவில்லை: டூ ஸ்ட்ரோக் மொபெட்டைச் சீராக ஓடவைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. திசையன்விளைப் பக்கம் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட், கைமாறி வாங்கியது. கால்வாசியிலிருந்து அரைவாசி முறுக்கு வரை திக்கித் திக்கி ஓடுகிறது, முழுசாக முறுக்கினால் தெளிந்துவிடுகிறது. நாலைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ஸ்லோவில், அதாவது முறுக்காமல் விட்ட நிலையில், சீராக நின்று ஓடுவதில்லை. சில சமயம் கையை விட்ட பிறகும் இரைச்சல் இறங்க மறுக்கிறது. பிளக் கறுப்பு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டரைப் பலமுறை கழுவியும் பலனில்லை. போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட) வேண்டுமா, புது கார்ப்பரேட்டர் போட வேண்டுமா? கூடவே, சைக்கிளில் மாட்டும் சீன எஞ்சின் கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணாச்சி, இப்போதைக்குப் போரும் வேண்டாம், கார்ப்பரேட்டரும் வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. பாதி முறுக்கில் திக்குவதும் பிளக் கறுப்பதும் பெட்ரோல் கூடுதலாகப் போவதைக் காட்டுகின்றன. சூட்டில் இரைச்சல் இறங்காமல் நிற்பது காற்று கூடுதலாகப் போவதைக் காட்டுகிறது. ஒரே வண்டியில் இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: எங்கேயோ காற்றுக் கசிவு இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்காமல், கார்ப்பரேட்டரின் ஊசியை ஏற்றியோ, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் குத்திப் பெரிதாக்கியோ யாரோ பெட்ரோலைக் கூட்டி அதை மூடியிருக்கிறார்கள். ஸ்லோவில் கார்ப்பரேட்டர் வழியாகப் போகும் காற்றே கொஞ்சம்தான், அதனால் கசிவுக் காற்றுக்கு அங்கே பெரிய பங்கு. முறுக்க முறுக்க அந்தப் பங்கு சுருங்கிவிடும். கூட்டிவைத்த பெட்ரோல் மட்டும் மிஞ்சும், வண்டி திக்கும். இதில் அழுக்குக்கு வேலையே இல்லை, பிறகு கழுவி என்ன செய்ய?

ஆகவே ஸ்க்ரூவைத் தொடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். கசிவு, பெட்ரோல் வரத்து, தீப்பொறி, சைலன்சர் அடைப்பு எல்லாம் சரியான பிறகு செய்கிற ட்யூனிங்தான் நிற்கும். அதற்கு முன் செய்கிற ட்யூனிங் ஒவ்வொன்றும் அடுத்த மெக்கானிக்கின் தலைவலி.

முதலில் காதைப் பழக்குங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வெடிக்க வேண்டும். பெட்ரோல் கூடுதலாக இருந்து சுமையும் குறைவாக இருந்தால் ஒரு சுற்று வெடித்து அடுத்த சுற்று வெடிக்காமல் போகும். அப்போது 'டர்ர்ர்' என்ற ஒரே சீரான ஒலி உடைந்து 'டப்… டபடப்… டப்' என்று வரும். மெக்கானிக்குகள் ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்பது இதைத்தான். சமதரையில் லேசான முறுக்கில் கொஞ்சம் இப்படி அடித்துவிட்டு, ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ சுத்தமாகத் தெளிந்தால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை, பெட்ரோல்தான் வீண். காற்று கூடுதலாகும்போது கதை வேறு. சட்டென்று முறுக்கினால் எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு எழும்பும், கையை விட்டால் ஒலி இறங்க இரண்டு மூன்று விநாடி எடுக்கும், சிலிண்டர் தகிக்கும், நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துவிடும்.

எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், காற்றைக் குறைத்துப் பெட்ரோலை ஓங்கவைக்கும் சோக்கைக் கேளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், தொல்லை தருகிற அதே முறுக்கில் வைத்துக்கொண்டு சோக்கைப் பாதி இழுங்கள். ஓட்டம் சீரானால் காற்று அதிகம். இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். உங்கள் வண்டியில் ஸ்லோவில் ஒரு பதிலும் கால்வாசி முறுக்கில் எதிர் பதிலும் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஸ்லோவில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசி வரை திருப்புங்கள். ஒலி ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கிறது. முறுக்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பிறகு பெட்ரோல் டேங்க் மூடி. அதன் காற்றுத் துளை அடைத்திருந்தால் சில கிலோமீட்டரில் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், அப்புறம் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். செம்மண் பூமியில் இது அடிக்கடி வரும்.

அடுத்து பெட்ரோல் வரத்து. டியூபைக் கார்ப்பரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒரு நிமிடம் டேப்பைத் திறந்துவையுங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 40 வேகத்தில் குடிப்பது மணிக்கு 800 மில்லி, அதாவது நிமிடத்துக்குப் பதினான்கு மில்லிக்கும் குறைவு. பாட்டிலில் 100 மில்லி விழுந்தால் தாராளம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேப்புக்கு மேலே டேங்குக்குள் நிற்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். துருவும் மண்ணும் அங்கேதான் அடையும்.

செயின் தளர்ச்சியையும் இப்போதே பாருங்கள். சின்ன முறுக்கில் வண்டி 'டக் டக்' என்று இடிப்பதை எஞ்சின் திக்கல் என்று நினைத்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இடிப்பு போகாது, செட்டாக மாற்றுங்கள். புறப்படும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூ கண்ணாடி போல் மழமழத்திருக்கும். கழற்றி எமரித்தாளில் லேசாகத் தேய்த்தால் தீரும்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் உங்கள் ஊருக்குத் தனி விதி. திசையன்விளையிலிருந்து குதிரைமொழி வரை கிடக்கும் தேரி மண் (செம்மணல் மேட்டு மண்) மிக நுணுக்கமானது, ஆனி ஆடிக் காற்றில் ரோட்டுக்கே வந்துவிடும். ஃபில்டரில் அது படிந்தால் காற்று குறைந்து பெட்ரோல் ஓங்கும், பிளக் கறுக்கும். காற்றுக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பஞ்சு ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் பிழிந்து, நன்றாகக் காயவிட்டு, சில சொட்டு ஆயில் விட்டுக் கசக்கிப் போடுங்கள். ஆயில் இல்லாத பஞ்சு தேரித் தூசியைப் பிடிக்காது. பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டிப் போடலாம், கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். 'பிக்கப் வரும்' என்று ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம். மணல் நேராகக் கிராங்க் பேரிங்குக்கும் போருக்கும் போகும். ஃபில்டர் இல்லாத நிலையில் செய்த ட்யூனிங்கும் ஃபில்டர் போட்டதும் பொய்யாகிவிடும்.

இனி முக்கியமான வேலை, கசிவைத் தேடுவது. டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, கீழே வரும்போது அதையே அழுத்தி மேலே தள்ளுகிறது. எங்கே ஓட்டை இருந்தாலும் அந்த வழியாகவும் காற்று இழுக்கும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நான்கு: கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டு பேக்கிங், சிலிண்டரின் அடிப் பேக்கிங், மேக்னட் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சுழல் சக்கரம்) பக்க ஆயில் சீல், கிளட்ச் பக்க ஆயில் சீல். கிராங்கின் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல்.

மேனிஃபோல்டை எளிதாகச் சோதிக்கலாம். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸைத் தடவுங்கள். ஒலி மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அந்த விளையாட்டு வேண்டாம். ஃபிளாஞ்ச், அதாவது இணைப்பின் தட்டை முகம், வளைந்திருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் எமரித்தாள் போட்டு, எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்கிப் புதுப் பேக்கிங் போடுங்கள். பேக்கிங்குக்குப் பதில் சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவினால் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். நட்டை அளவுக்கு மேல் இறுக்குவதுதான் ஃபிளாஞ்ச் வளைவதற்கே காரணம்.

ஆயில் சீலை வெளியிலிருந்து பார்க்க முடியாது, அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேக்னட்டைப் புல்லர் வைத்துக் கழற்றுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே காயில் பிளேட் உலர்ந்து, வெறும் தூசியோடு இருந்தால் நல்லது. கறுப்பு ஆயில் ஈரமும், அதில் செம்மண் ஒட்டிக் களிம்பாகவும் இருந்தால் அந்தச் சீல் போய்விட்டது என்று அர்த்தம்: கீழே வரும் பிஸ்டன் கலவையை வெளியே தள்ளியிருக்கிறது, மேலே போகும்போது அதே வழியில் வெறும் காற்றை இழுத்திருக்கிறது. கிளட்ச் பக்கச் சீல் போனால் அடையாளம் வேறு. அந்தப் பக்கத்து ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், வெள்ளைப் புகை நிற்காது, பிளக் நனையும், ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். சில சமயம் தலைகீழாக, வடித்த ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும். கறுத்த பிளக்குக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், விட்டுவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அழுத்தச் சோதனை செய்யுங்கள். பட்டறையில் கருவி இல்லாவிட்டாலும், பழைய பிபி பார்க்கும் கருவியின் பல்பும் டயலும் போதும். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் துண்டையும் ஒரு தகரப் பட்டையையும் வைத்து அதே நட்டால் இறுக்கி அடைத்துவிடுங்கள். பிளக் இடத்தில் இருக்கட்டும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றி, மேனிஃபோல்டில் ரப்பர் அடைப்பான் ஒன்றைச் செருகி அதன் நடுவே பிபி கருவியின் குழாயை விடுங்கள். டயலில் 260 மில்லிமீட்டர் வரும்வரை பம்ப் அடியுங்கள். அது ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். ஒரு நிமிடத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்பு நுரையை இணைப்புகளிலும் இரண்டு சீல்களிலும் தடவினால் எந்த இடம் என்று குமிழியே காட்டிக்கொடுக்கும். முதலில் உங்கள் அடைப்பான்களிலேயே நுரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீல் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேக்னட்டைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை விட்டுச் சீலை மட்டும் மாற்றினால் சீக்கிரமே பழைய கதைதான். புதுச் சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிராங்க் கேஸைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராக இறக்குங்கள்.

கசிவு தீர்ந்ததும் சைலன்சர். நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஒரு வேகத்துக்கு மேல் 'மூச்சு வாங்கி' நின்றுவிடும் வண்டியில் முக்கால்வாசி நேரம் கார்பன் அடைப்புதான். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் ஒலி அடக்கி இல்லை. புகை வெளியேறும் வேகத்தைப் பொறுத்தே புதுக் கலவை உள்ளே வரும். பின்னாலிருக்கும் பாஃபிள் குழாயை உருவி, கரி அடுப்பிலோ புளோ லாம்பிலோ சிவக்கச் சுட்டுத் தட்டினால் கார்பன் பொடியாக உதிரும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. ஆனால் அது இரும்புப் பாகத்துக்கு மட்டும்தான். அலுமினியத்தில் பட்டால் அரித்துத் தின்றுவிடும், கையில் பட்டாலும் அப்படியே. சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயைச் சுரண்டும்போது பிஸ்டன் அந்த வாயை மூடி நிற்கும்படி கிராங்கைத் திருப்பி வையுங்கள், பொடி உள்ளே விழாது. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மூங்கில் சீவல் போதும்.

தீப்பொறிக்கு வருவோம். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். கறுத்த பிளக்கைத் தேய்த்து மறுபடி போட்டு மல்லுக்கட்டுவதைவிடப் புதுசு ஒன்று போட்டுச் சோதிப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் உள்ளே பீங்கானில் ஊறிய கார்பன் வெளியே தெரியாது. சூடானதும் வண்டி நின்று, கால் மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் ஓடினால், பெட்ரோல் மூடி சரியாக இருக்கும்பட்சத்தில், காயிலைச் சந்தேகப்படலாம். சூட்டில் அதன் சுருள் அறுந்து ஆறியதும் சேரும். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் உள்ள பழைய டிவிஎஸ் 50 என்றால் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.45 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் முன்னே போகும், குறைந்தால் பின்னே போகும். பாயிண்டில் நீலப் பொறி பெரிதாகத் தெறித்தால் கண்டன்சர் போய்விட்டது. எலக்ட்ரானிக் வண்டியில் டைமிங் தானாக நகராது. ஆனால் மேக்னட் நட்டு தளர்ந்து ஓடியிருந்தால் உள்ளே இருக்கும் சாவித் துண்டு வெட்டுப்பட்டு மேக்னட் சற்றே திரும்பி நிற்கும். திருப்பி உதைக்கிற வண்டியில் அதைப் பாருங்கள்.

ஆயிலும் பெட்ரோலும். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்), அதாவது 50க்கு 1. டப்பாவில் ஜாசோ (ஜப்பான் தர அளவு) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச்தான் சரியான அளவை, மூடியால் உத்தேசமாக ஊற்றுவது அளவே இல்லை. 'கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. ஆயில் கூடினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது, கலவையும் கெட்டியாகி ஜெட்டில் மெதுவாக இறங்குகிறது. பிளக் கறுப்பதும் சைலன்சர் அடைப்பதும் உபரி. லாரியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. புதுப் பிஸ்டன் போட்ட வண்டிக்கு மட்டும் முதல் 500 கிலோமீட்டர் வரை லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி விடலாம்.

பெட்ரோலில் இன்னொரு விஷயம். இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலப்புக்கு 13.5 கிலோ அளவில் போதும். அதாவது பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட் இப்போது எட்டு விழுக்காடு அளவுக்குப் பெட்ரோல் குறைவாகக் கொடுப்பதற்குச் சமம். பழைய டூ ஸ்ட்ரோக் திடீரென்று சூடேற ஆரம்பித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கும். பழைய ரப்பர் டியூபும் புளோட் ஊசியின் ரப்பர் முனையும் எத்தனாலில் உப்பும். புளோட் ஊசி சரியாக உட்காராவிட்டால் கார்ப்பரேட்டர் நிரம்பி வழிந்து மறுபடி பிளக் கறுக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தை வடித்துப் பாருங்கள், அடியில் தனியாக உருளும் துளிகள் தண்ணீர்.

இப்போதுதான் கார்ப்பரேட்டர். முறுக்கில் எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளும். அங்கிருந்து கால்வாசி வரை, முறுக்கினால் மேலே எழும்பிக் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் வெட்டு. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே உங்கள் திக்கல் ஊசியின் வட்டாரம். கழற்றி ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து எண்ணி நாலாவது, ஐந்தாவது காடியில் இருந்தால் என் ஊகம் சரி, யாரோ ஊசியைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். கிளிப் கீழே போனால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். கிளிப் மேலே போனால் பெட்ரோல் குறையும். நடுக் காடிக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு காடிதான், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஸ்லைடை மாட்டும்போது அதன் வெட்டுப் பக்கம் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

மெயின் ஜெட்டைக் கம்பியால் குத்தியிருந்தால் அதை நம்பாதீர்கள். 0.70 மில்லிமீட்டர் துளை 0.73 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 9 விழுக்காடு கூடிவிடும். எத்தனாலுக்கு அந்த அளவு வேண்டியதுதானே என்று கேட்கலாம். வேண்டும் என்றால் அடுத்த எண் ஜெட்டை வாங்கிப் போடுவது முறை. குத்திய துளை கோணலாக இருக்கும், பெட்ரோல் ஒரு சீராக வராது. சுத்தம் செய்யக் காற்றழுத்தமோ நைலான் இழையோ போதும்.

ஸ்லோ வைக்கும் முறை: நாலு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். ஸ்லைடு ஸ்க்ரூவால் ஸ்லோவைச் சற்று உயர்த்துங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, ஒலி உச்சத்துக்கு ஏறுகிற இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து அரைக்கால் சுற்று பெட்ரோல் பக்கமாக நகர்த்தி நிறுத்துங்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்கிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் ஓங்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை ஆள்கிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு திருகுகிறவர்கள் உண்டு. கடைசியில் ஸ்லைடு ஸ்க்ரூவால் ஸ்லோவை இறக்குங்கள். ஸ்டாண்டில் போட்டால் பின் சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது. சில பழைய கார்ப்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவே கிடையாது, அங்கே ஸ்லைடு ஸ்க்ரூ மட்டும்தான். மூன்று சுற்றுக்கு மேல் எடுத்தும் உச்சம் வரவில்லை என்றால் ஸ்லோ ஜெட்டோ, இன்னும் மூடாத கசிவோ பாக்கி இருக்கிறது.

மெயின் ஜெட்டைச் சுமையோடுதான் சோதிக்க வேண்டும். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்றுக்கு எதிரே, பின்னால் இரண்டு வாழைத்தாரோடு போகிற வண்டி எப்போதும் முழு முறுக்கில்தான் இருக்கும். அந்த நிலையில் பெட்ரோல் குறைந்தால்தான் பிஸ்டன் பிடிக்கும். புதுப் பிளக் போட்டு, வாகன நடமாட்டம் இல்லாத ரோட்டில் ஒரு கிலோமீட்டர் முழு முறுக்கில் ஓட்டி, முறுக்கை விடுவதும் எஞ்சினை அணைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்படி நிறுத்தி, உருட்டிக் கரைக்குக் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்லோவில் ஓடவிட்டுக் கழற்றினால் ஸ்லோவின் நிறம்தான் தெரியும். பீங்கான் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக, மினுங்கும் பொட்டுகளோடு இருந்தால் உடனே ஜெட்டைக் கூட்டுங்கள், அதோடு ஓட்டாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் நுனி நிறம் அவ்வளவு பேசாது. பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேருகிற அடியில் மெல்லிய கரி வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் போதும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, வெயில் காலத்தில் கலவை பெட்ரோல் பக்கம்தான் சாயும். மார்கழிக் காலை 23 டிகிரிக்கும் அக்னி நட்சத்திர மதியம் 40 டிகிரிக்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. ஆகவே சித்திரையில் நுணுக்கி வைத்த ட்யூனிங் மார்கழியில் காற்றுப் பக்கம் போய்விடும். குளிர் காலத்தில் வைத்ததை வெயிலில் அப்படியே விட்டுவிடலாம், கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு இழுவை இல்லை என்றால்தான் போரைப் பற்றிப் பேச வேண்டும். கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, முறுக்கை முழுசாகத் திறந்து ஊசி நிற்கும்வரை உதையுங்கள். 100 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம், 80க்குக் கீழே என்றால் திறக்க வேண்டும். போரில் கோடு இல்லாமல் ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங் போதும். ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் 0.7 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். ஓவர் சைஸ் அடிக்கிறீர்கள் என்றால் லேத் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு: அடித்த பிறகு போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரிலுள்ள காற்று, புகை வாய்களின்) ஓரத்தை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூரான ஓரத்தில் ரிங் மாட்டி உடையும், பழி ரிங்குக்குப் போகும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். பழைய சர்க்கிளிப்பை மறுபடி போடாதீர்கள்.

சைக்கிள் கிட் பற்றி. 80 சிசி என்று விற்பதில் போர் 47, ஸ்ட்ரோக் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சிசிதான். மேலே சொன்ன ட்யூனிங் எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும், ஊசிக் கிளிப் உட்பட. கூடுதல் தொல்லை அதிர்வு. எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரப்பர் வைத்தால் குறையும் என்று நினைப்பார்கள், போல்ட்தான் அறும்; நேராக இரும்பில் இறுக்குவதே நல்லது. ஆனால் சட்டத்தைப் பாருங்கள். நான்குக்குக் குறைந்த சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் கொண்டதை மட்டும்தான் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. 66 சிசிக்குப் பதிவும் இன்ஷூரன்ஸும் லைசென்ஸும் வேண்டும், வீட்டில் மாட்டிய கிட்டைப் பதிவு செய்ய வழியில்லை. தோப்புக்குள் ஓட்டலாம். சைக்கிள் பிரேக்கை நம்பி ரோட்டில் 40 வேகத்தில் போவதற்கு உங்கள் எக்ஸ்எல்லுக்கு இரண்டு ஆயில் சீல் வாங்கிப் போடுவது மலிவு.